மச்சாளின் வலை ஊசிகள்

"விரல்!"

ஒரு மனுசிக்கு விசர் பிடிக்க இந்த ஒரு சொல் போதும். காலை எட்டரைக்கு மெசினில் இருந்தால் பின்னேரம் கடை பூட்டும் வரைக்கும் என் முதுகுக்குப் பின்னாலிருந்து இது கேட்டுக்கொண்டே இருக்கும். நான் ஏதோ யோசனையில் கைப்பட்டியை மடித்து ஊசிக்குக் கீழே தள்ளுவேன். "விரல்!" அந்தப் பக்கம் றெஜினா இடுப்புக்குச் சுருக்கு வைத்துக்கொண்டிருப்பாள். "விரல், விரல்!" மழைக்கு எங்கள் வாசலில் ஒதுங்கி நின்ற மீன்காரர் ஒருவர், ஒன்றும் விளங்காமல் தன் கையைத் தூக்கிப் பார்த்ததும் உண்டு.

மச்சாளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் நினைக்கிறேன். ஆனால் அவரை நினைத்தால் முதலில் வருவது எரிச்சல். அதை விட்டுவிட்டு எழுதினால் அது அவராக இருக்காது.

மச்சாள் என்றால் என் கணவரின் தமக்கை. என்னைவிட ஒன்பது வயது கூட. குருநகரில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் வைத்திருக்கும் தையல் கடையில் பதினொரு வருடம் வேலை செய்தார். மூன்று மெசின், ஒரு அயன் மேசை, சுவரில் அந்தோனியார், தலைக்கு மேலே கிறீச்சிடும் ஒரு விசிறி. ஒரு மெசினில் நான், ஒன்றில் அயல் வீட்டு றெஜினா, ஒன்றில் மச்சாள். தையலில் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வைத்த கழுத்துப்பட்டி இரண்டு பக்கமும் ஒரு நூல் பிசகாமல் நிற்கும். கரைச்சல் முழுக்க அவர் கையில் இருந்த தடியில்தான்.

தடி என்று நான்தான் எரிச்சலில் சொல்வேன். உண்மையில் அது வலை ஊசி. கிழிந்த வலையைப் பொத்துவதற்குக் கடற்தொழிலாளர் பாவிப்பது. ஒரு சாண் நீளம், தட்டை, நுனி கூம்பியிருக்கும். நடுவில் நூல் சுற்ற ஒரு நாக்கு. முந்தி மூங்கிலிலோ பனஞ்சிராம்பிலோ சீவுவார்கள். இப்போது எல்லாம் பிளாஸ்டிக். மச்சாளின் கணவர் கடலுக்குப் போகிறவர். அவரை நான் அண்ணை என்பேன். அவர் பிளாஸ்டிக்குக்கு மாறிய அன்றே பழைய மர ஊசிகள் எல்லாவற்றையும் மச்சாள் அள்ளிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்துவிட்டார். வந்து இரண்டு நாள் ஒரு சட்டைகூடத் தைக்கவில்லை. அரத்தாள் வைத்து ஒவ்வொரு நுனியையும் தேய்த்தார். பட்டுத் துணியில் இழுத்துப் பார்த்து, நூல் கொளுவாத அளவுக்கு மழமழவென்று ஆனபிறகுதான் விட்டார்.

அந்த வலை ஊசியால்தான் துணியை ஊசிக்குக் கொண்டுபோவார். சுருக்கு எழும்பினால் அதன் நுனியால் அமத்துவார். பட்டி மடிப்பு வழுக்கினால் அதால் பிடிப்பார். சட்டைக் கழுத்தின் மூலையைப் புரட்டுவதும் அதால்தான். விரல் ஊசிக்கு நாலு அங்குலம் இப்பால் நிற்க வேண்டும். அயன் மேசையில் அவருடைய சட்டம் இன்னும் மோசம். வலக்கையில் அயன் பெட்டி இருந்தால் இடக்கையில் கட்டாயம் மரம் இருக்க வேண்டும். தையலை விரித்து அயன் பண்ணும்போது விரலால் விரிப்பதுதானே உலக வழக்கம்? எங்கள் கடையில் அது குற்றம். அகலமான வலை ஊசி ஒன்றால் தையலை விரித்து, அதன் பின்னாலேயே அயன் பெட்டியைக் கொண்டுபோக வேண்டும். ஒரு பாவாடையின் ஓரம் அயன் பண்ணி முடிய நான் தேத்தண்ணி வைத்துக் குடித்துவிட்டு வருவேன். அவர் பாதியில் நிற்பார்.

"மச்சாள், உது வேகாது."

"வேகாதுதான். கையும் வேகாது."

நான் இன்னொரு தேத்தண்ணி வைக்கப் போவேன்.

அண்ணை சில நாட்களில் கடல் பொய்த்துப்போனால் வாசலுக்கு வந்து நிற்பார்.

"என்ரை நல்ல வலை ஊசி ஒண்டைக் காணேல்லை. இஞ்சை வந்ததே?"

"உங்களுக்குப் பிளாஸ்டிக் கிடக்குத்தானே," என்பார் மச்சாள், தலையைத் தூக்காமல்.

"அது வழுக்குதப்பா."

"வழுக்கினால் வலைதானே பழுதாகும். இது பிள்ளையளின்ரை கை."

பிள்ளையள் என்பது நானும் றெஜினாவும். எனக்கு அப்போது நாற்பது வயது. றெஜினாவுக்கு இரண்டு பேரப்பிள்ளைகள்.

அவருடைய கத்தலால் விரல்கள் தப்பினவா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான். ஒருநாள் றெஜினா அமைதியாகத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். மச்சாள் பின்னாலிருந்து "விரல்!" என்று போட்ட சத்தத்தில் துள்ளி விழுந்து, அதுவரைக்கும் ஒழுங்காக இருந்த பெருவிரலை ஊசியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரத்தம். நான் பஞ்சு தேடி ஓடுகிறேன். மச்சாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"பாத்தியே? சொன்னனான்."

"நீங்கள் சொன்னதாலைதான் அக்கா குத்தினது!" என்று றெஜினா அழாத குறை.

மச்சாள் அதைக் காதில் வாங்கவேயில்லை. அடுத்தநாள் றெஜினாவின் மெசினில் புதிதாக ஒரு வலை ஊசி நூலில் கட்டித் தொங்கியது.

கடைக்கு வருகிறவர்களையாவது விட்டு வைத்தாரா? ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் அம்மா ஒருவர் எங்களிடம் சாறிச்சட்டை தைப்பிப்பார். தன் சட்டையின் கைக்கு எவ்வளவு தளர்வு வேண்டுமென்று காட்ட, மச்சாளின் மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போதே விரலை நீட்டிவிட்டார். வலை ஊசியால் அவருடைய விரல் மொளியில் ஒரு தட்டு. நல்ல தட்டு. அதிபர் தன் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, முப்பது வருசம் நான்தான் பிள்ளையளுக்கு அடிச்சனான். எனக்கு ஒருத்தரும் அடிச்சதில்லை."

மன்னிப்புக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் உலர்ந்துபோனது. அவர் இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் வந்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு மெசினிலிருந்து எட்ட நின்று, "முழங்கைக்கு மேலை இரண்டு அங்குலம்" என்று வாயால் மட்டும் சொன்னார். மச்சாளுக்கு முகமெல்லாம் சந்தோசம்.

நெல்லியடிக் கலியாணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. என் கணவரோடு வேலை செய்த ஒருவரின் மகளுக்குக் கலியாணம். காலையிலேயே போய்விட்டோம். வீட்டின் பின்பக்கத்தில் ஒரு மேசையில் மாப்பிள்ளையின் பட்டுச் சால்வையை ஒரு பெண் அவசர அவசரமாக அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். இடக்கையால் கரையை இழுத்துப் பிடித்திருந்தாள். மச்சாளுக்கு அவள் யார், எவர் என்று தெரியாது. "பிள்ளை, விரல்!" என்று போய் நின்றார். கைப்பையைத் துழாவினார். வலை ஊசி இல்லை, அன்றைக்கு வேறு பையைக் கொண்டு வந்திருந்தார். விட்டுவிட்டு வர வேண்டியதுதானே? பக்கத்துக் குசினிக்குள் போய் ஒரு அகப்பையை எடுத்து வந்து, அதன் காம்பால் கரையைப் பிடித்துக் காட்டத் தொடங்கிவிட்டார். அகப்பை பாயசத்துக்குள் கிடந்த அகப்பை. சால்வையில் சொட்டு விழுந்தது. அந்தப் பெண் மாப்பிள்ளையின் தமக்கை. அதற்குப் பிறகு நடந்ததை எழுத மாட்டேன். சொட்டு விழுந்த பக்கத்தை உள்ளே வைத்து மடித்து மாப்பிள்ளையின் தோளில் போட்டார்கள். வரும் வழியில், வாகனம் பாதித் தூரம் வந்ததும், மச்சாள் மெதுவாகச் சொன்னார்:

"அந்தப் பிள்ளைக்குக் கை சுட்டிருந்தால் கலியாண நாளிலை எவ்வளவு அந்தரம், என்ன?"

கனடாவிலிருந்து என் தங்கச்சி ஒரு பெட்டி அனுப்பினாள். தைக்கும்போது விரலைக் காப்பதற்கென்றே அங்கே விற்கிறார்களாம். ஊதா நிறப் பிடி போட்ட, நுனியில் உருக்கு வைத்த ஒரு குச்சி. கூடவே விரலில் மாட்டுவதற்கு றப்பர் தொப்பிகள் ஐந்தாறு. எனக்குப் பெரிய ஆறுதல். மச்சாளும் சந்தோசப்படுவார், நாங்களும் மீன்வலைச் சாமானோடு தைக்கிற வெட்கத்திலிருந்து தப்பலாம். மச்சாள் குச்சியை வாங்கி, சந்தையில் மீனின் செவுளைப் புரட்டிப் பார்க்கிற மாதிரிப் புரட்டிப் பார்த்தார்.

"இரும்பு."

"உருக்கு, மச்சாள். நல்ல சாமான்."

"ஊசி உதிலை பட்டால் முறியும். முறிஞ்ச துண்டு எங்கை போகும்? கண்ணுக்குத்தான் வரும். பிடி பிளாஸ்டிக். அயன் பெட்டிக்குக் கிட்ட வைச்சால் உருகிச் சட்டையிலை ஒட்டும்." தன் வலை ஊசியை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். நுனி முழுக்க நுண்ணிய ஓட்டைகள். "மரத்திலை பட்டால் மரம் குத்துப்படும். அவ்வளவுதான். இதெல்லாம் விரலிலை பட்டிருக்க வேண்டியது."

நான் வீம்புக்குக் கனடாக் குச்சியைத்தான் பாவித்தேன். ஒரு கிழமை ஆகவில்லை, ஊசி உருக்கில் பட்டு "டிக்" என்று முறிந்தது. துண்டு என் மூக்குக்கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல். மச்சாள் பார்த்தார். எழும்பி வந்து ஒரு வலை ஊசியை என் மெசினில் வைத்துவிட்டுப் போனார். பிழை சொல்லுகிறவரோடு இருந்துவிடலாம். எப்போதும் சரியாகச் சொல்லுகிறவரோடு இருப்பதுதான் சீவியத்தில் பெரிய ஆக்கினை.

இவ்வளவு பயத்துக்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று நானும் றெஜினாவும் நினைத்திருந்தோம். சின்ன வயதில் யாருக்கோ ஏதோ நடந்திருக்கும். காரணம் இருந்தால் கொஞ்சம் பொறுத்துப் போகலாம் அல்லவா? ஒருநாள் கேட்டேன்.

"மச்சாள், உங்கடை அம்மாவுக்கு ஊசி ஏறினதோ?"

"இல்லையே."

"கூடப் படிச்ச ஆருக்கும்?"

"ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை."

"பிறகேன் மச்சாள் உந்தப் பயம்?"

அவர் என்னை, பள்ளிக்கூடத்தில் மக்குப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"ஏன், நடந்தாப் பிறகுதான் பயப்பிடோணுமே?"

அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருந்தது. அதனால்தான் புண்ணுக்குப் பயப்படுகிறார் என்று என் கணவர் ஒரு விளக்கம் சொன்னார். அதுவும் சரியில்லை. சீனி வந்தது ஐம்பதுக்குப் பிறகு. பிடிவாதம் பிறக்கும்போதே வந்தது.

இனி அந்த முதல்நன்மைச் சட்டைகளுக்கு வருகிறேன்.

எங்கள் கோயில் பங்கில் முதல்நன்மை எடுக்கும், அதாவது பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும், பெண்பிள்ளைகளுக்கு எல்லாம் ஒரே மாதிரிச் சட்டை. வசதியான வீட்டுப் பிள்ளை, வசதியில்லாத வீட்டுப் பிள்ளை என்று அன்றைக்குத் தெரியக்கூடாது. அதனால் ஒரே துணியில் ஒரே கடையில் தைப்பது வழக்கம். வருடா வருடம் ரவுணில் பெரிய கடை ஒன்றுக்குத்தான் போகும். மச்சாள் எங்களிடம் வந்த எட்டாவது வருடம் கன்னியர் மடத்துச் சிஸ்டர் எங்கள் வாசலில் வந்து நின்றார். இருபத்திரண்டு சட்டை. இதை வடிவாகச் செய்து கொடுத்தால் இனி எங்கள் கடைதான். பிழை விட்டால், எங்கள் சனத்தின் முன்னாலேயே, எங்கள் கோயிலிலேயே பிழை விட்டதாகப் போகும். அதற்குப் பிறகு யார் என்னிடம் ஒரு தலையணை உறையாவது கொண்டு வருவார்கள்?

வெள்ளைச் சட்டின் துணி. அதற்கு மேலே மெல்லிய நெற் துணி. இடுப்பில் மூன்று அடுக்குச் சுருக்கு. கீழே சட்டின் வழுக்கும், மேலே நெற் எழும்பும். மச்சாளின் வலை ஊசிக்கு இதைவிடப் பெரிய திருவிழா கிடையாது. ஒவ்வொரு சுருக்கையும் நுனியால் தொட்டு, அமத்தி, இரண்டு தையல் ஓட்டி, நிறுத்தி, அடுத்த சுருக்கைத் தொட்டு... நானும் றெஜினாவும் மூன்று சட்டை முடிக்க அவர் ஒன்று முடிப்பார். இடையில் "விரல்!" என்று எங்களையும் நிறுத்துவார். சனிக்கிழமை மத்தியானம் சிஸ்டர் வருவார். ஞாயிறு பூசை. புதன்கிழமை பின்னேரம் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது சட்டை மிச்சம். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து "விரல்!"

நான் மெசினை நிறுத்தினேன்.

"மச்சாள், இது கடை. உங்கடை வலைவாடி இல்லை. உந்தத் தடியை அங்காலை வைச்சிட்டுத் தையுங்கோ. ஏலாதெண்டால் வீட்டை போங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் பாக்கிறம்."

றெஜினாவின் மெசினும் நின்றது. எட்டு வருடத்தில் நான் அவரோடு அப்படிக் கதைத்ததில்லை. எவ்வளவு எரிச்சல் வந்தாலும் மூத்தவர் என்ற மரியாதையை விட்டதில்லை. மச்சாள் வலை ஊசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். எழும்பிப் போய் அந்தோனியார் படத்துக்குக் கீழே இருந்த தட்டில் வைத்தார்.

"சரி," என்றார்.

வந்து மெசினில் இருந்து, விரலால் துணியைப் பிடித்துத் தைக்கத் தொடங்கினார். அவர் அவ்வளவு கெதியாகத் தைப்பார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. என்னைவிடக் கெதி. ஒரு கோணல் இல்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கடையில் மெசின் சத்தமும் விசிறிச் சத்தமும்தான். "விரல்" இல்லை. ஒரு சொல் இல்லை. எனக்கு எப்படி இருந்தது என்று உண்மையைச் சொல்கிறேன். நிம்மதியாக இருந்தது. முந்தியே இப்படி ஒரு சத்தம் போட்டிருக்கலாமே என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் எழும்பிப் போய்க் கனடாப் பெட்டியைத் திறந்து, றப்பர் தொப்பி ஒன்றை எடுத்து இடக்கைச் சுட்டுவிரலில் மாட்டிக்கொண்டு வந்து இருந்தார். நான் றெஜினாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். கடைசியில் மச்சாளும் வழிக்கு வந்துவிட்டார் என்று இரண்டு பேரும் சிரித்தோம். அந்தத் தொப்பியை அவர் வெள்ளிக்கிழமையும் கழற்றவில்லை. சனிக்கிழமை எல்லாவற்றையும் அயன் பண்ணி முடித்து, சிஸ்டர் வந்து இருபத்திரண்டு சட்டையையும் தூக்கித் தூக்கிப் பார்த்து, "அம்மா, என்ன வடிவு!" என்று சொல்லும்போதும் அது அவர் விரலில் இருந்தது.

ஞாயிறு காலை கோயில் நிரம்பி வழிந்தது. பிள்ளைகள் இரண்டு வரிசையாக, கையில் மெழுகுதிரியோடு நடந்து வந்தார்கள். எந்தச் சட்டை நான் தைத்தது, எது மச்சாள் தைத்தது என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. பெருமையில்தான். மச்சாள் எனக்குப் பக்கத்தில் நின்றார். சமாதானம் சொல்லும் நேரம் பக்கத்தில் நிற்கிறவரின் கையைப் பிடிப்பது எங்கள் வழக்கம். நான் திரும்பிக் கையை நீட்டினேன். மச்சாள் தலையை மட்டும் ஆட்டினார். கை சேலைத் தலைப்புக்குள்ளேயே இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. புதன்கிழமை சொன்னதற்கு இன்னும் கோபமோ? கோயிலுக்குள்ளே, சமாதானத்தைக்கூட வாங்காமல்? வயது போனாலும் இந்த வீம்பு போகாது என்று மனதுக்குள் ஏசினேன்.

நன்மை வாங்க வரிசையில் போனோம். அவர் முன்னால், நான் பின்னால். மச்சாள் எப்போதும் இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏந்தித்தான் நன்மை வாங்குவார். இடக்கை மேலே இருக்கும். அன்றைக்கு அவர் கையை நீட்டவில்லை. வாயைத் திறந்தார். பூசை வைத்த சுவாமியார் ஒரு கணம் தயங்கிவிட்டு அப்பத்தை நாக்கில் வைத்தார்.

இது கோபமில்லை, கையில்தான் ஏதோ என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. நன்மையை வாங்கினேனோ, விழுங்கினேனோ, தெரியாது. பூசை முடிந்ததும் அவரை வெளியே வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய், சேலைத் தலைப்புக்குள் இருந்த கையை வெளியே எடுத்தேன். சுட்டுவிரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, நகம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருந்தது. புறங்கை வரைக்கும் சிவப்பு ஏறியிருந்தது.

"உதென்ன மச்சாள்?"

"ஒண்டுமில்லை. ஊசி ஏறிப்போட்டுது."

"எப்ப?"

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமையோ! ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ வேலையைப் போட்டிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவாய். சனிக்கிழமை சிஸ்டர் வாறா எண்டு சொன்னனீ."

"சீனி இருக்கிற உடம்பு! உங்களுக்கென்ன விசரோ? மூண்டு நாள் உதோடை இருந்தனீங்களோ?"

"கத்தாதை. பிள்ளையள் படம் எடுக்கினம்." அவர் என் தோளுக்கு மேலால் படிக்கட்டைப் பார்த்தார். வெள்ளைச் சட்டைகள் அங்கே வரிசையாக நின்றன. "ஒரு பொட்டு இரத்தம் படேல்லை, பாத்தியே."

அந்த றப்பர் தொப்பி எதற்கு என்று அப்போது விளங்கியது. மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரத்திலும் என் வாய் ஏசத்தான் செய்தது. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க ஏசினேன். எக்ஸ்றே படம் பிடித்துப் பார்த்தார்கள். ஊசியின் நுனி முறிந்து எலும்புக்குப் பக்கத்தில் இருந்தது. அதை எடுத்தார்கள். ஆனால் சீனிக்காரரின் புண் சொன்னபடி கேட்காது. இரண்டு கிழமை கழித்து விரலை முதல் மொளியோடு வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கு வார்ட்டுக்கு வெளியே நின்ற அண்ணை என்னிடம், "கவலையீனமாத் தைச்சுப்போட்டன் எண்டு சொல்லுறாள். இவளோ கவலையீனம்?" என்று கேட்டார்.

இரண்டு மாதத்தில் மச்சாள் திரும்ப வந்தார். அந்தோனியாருக்குக் கீழே இருந்த வலை ஊசியை எடுத்துக்கொண்டு தன் மெசினில் இருந்தார். அரை மணித்தியாலத்தில் "விரல்!" என்று சத்தம் வந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை.

எரிச்சல் முடிந்துவிட்டதென்றா நினைக்கிறீர்கள்? அதற்குப் பிறகுதான் பெரிய எரிச்சல். கடைக்கு வருகிற எல்லோரும் அந்த விரலைக் கேட்பார்கள். முதலில் கேட்டவர் அதிபர்.

"இதென்ன, கைக்கு என்ன நடந்தது?"

"மீன் வெட்டேக்கை, ரீச்சர். கத்தி வழுக்கிப்போட்டுது."

றெஜினா என்னைப் பார்த்தாள். நான் தையலைப் பார்த்தேன். அடுத்தநாள் வேறொருவர் கேட்டார். மீன் வெட்டேக்கை. சிஸ்டர் கேட்டார். மீன் வெட்டேக்கை. ஆயுள் முழுக்க ஊசியைக் காட்டி ஊரைப் பயமுறுத்திய மனுசி, கையிலேயே அத்தாட்சியை வைத்துக்கொண்டு, பாவம் கத்தியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த விரலை ஒருதரம் தூக்கிக் காட்டியிருந்தால் ஒருத்தரும் பிறகு ஊசிக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோக மாட்டார்கள். காட்டவில்லை. ஊசி என்று சொன்னால் எந்தக் கடையில் என்று கேட்பார்கள். ஏன் அன்றைக்குத் தடி பிடிக்கவில்லை என்று கேட்பார்கள். முதல்நன்மைச் சட்டைகள் அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் எங்களிடம்தான் வந்தன. வருகிற ஒவ்வொரு முறையும் எனக்கு முள்ளில் இருக்கிற மாதிரி இருந்தது.

நான் சொல்லிப் பார்க்காமல் இல்லை. ஒருநாள் றெஜினா இல்லாத நேரம் பார்த்து, "மச்சாள், அண்டைக்கு நான் சொன்னது..." என்று தொடங்கினேன்.

"வெள்ளை நூல் முடிஞ்சுபோச்சு. அதிலை கிடக்கு, எடு," என்றார்.

இன்னொருநாள் தொடங்கினேன். விசிறி கிறீச்சிடுகிறது, எண்ணெய் விட வேண்டும் என்றார். மூன்று வருடம் இப்படியே. "நீதான்" என்று ஒருதரம் சொல்லியிருந்தால் நான் காலில் விழுந்து அழுது முடித்திருப்பேன். சொல்லவே மாட்டார். ஒருவரை இப்படியும் வதைக்கலாம் என்று அவருக்குத் தெரியுமோ, தெரியாதோ.

பிறகு பிரான்சில் இருக்கும் அவருடைய மகள், அவரையும் அண்ணையையும் அங்கே கூப்பிட்டுக்கொண்டாள். போகிற அன்று பின்னேரம் மூன்று மணிக்கு விமான நிலையத்துக்குப் போகிற வான் வந்து ஒழுங்கையில் நின்றது. அயலட்டை முழுக்கக் கூடிவிட்டது. அண்ணை முன் சீற்றில் ஏறி இருந்துகொண்டு கடல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாள் ஒவ்வொருவராகக் கொஞ்சிவிட்டு என்னிடம் வந்தார். நான் அவருடைய இடக்கையைப் பிடித்தேன். விடவில்லை.

"மச்சாள், ஒரு சொல் ஏசிப்போட்டுப் போங்கோ. அப்பதான் எனக்கு மனம் ஆறும்."

அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. எதைப் பற்றி என்று கேட்கவில்லை. மற்றக் கையால் என் முகத்தைத் துடைத்தார்.

"ஏசினால் நீ அழுவாய். அழுதுபோட்டு, கலியாணச் சட்டை கிடக்கெண்டு நேரை போய் மெசினிலை இருப்பாய். கண் மறைக்கும்."

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு வானுக்குள் ஏறினார். வான் திரும்பி மறையும் வரைக்கும் நின்றேன். பிறகு அழுதேன், ஒழுங்கையில் எல்லோருக்கும் முன்னால். கலியாணச் சட்டை மறுநாள் கொடுக்க வேண்டியது, கை வைக்காமல் பாதியில் கிடந்தது. அன்றைக்கு நான் மெசினில் இருக்கவில்லை.